வலது பதினெட்டு, இடது நாற்பத்தேழு

நான் ஓய்வு பெற்ற அன்று கராஜில் கேக் வெட்டினார்கள். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்த ஒருவர் கேட்டார்: "இத்தனை வருசத்திலை உங்களுக்குக் கஷ்டமான கேஸ் எது, ஹெர் தவராசா?" மழை பெய்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத ஒரு பார்சல் வண்டியின் கதையைச் சொன்னேன். தரைவிரிப்புக்கு அடியில் உரசிப்போயிருந்த ஒரு வயரைக் கண்டுபிடிக்க நான்கு நாள் எடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். டோர்ட்மண்டிலிருந்து ஹம்மிலுள்ள வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. கஷ்டமான கேஸ் வேறு. அதை அந்த மேசையில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் லொறிகளும் உழவு இயந்திரங்களும் திருத்தியவன். ஜேர்மனிக்கு வந்தபோது அதற்கு அத்தாட்சியாக என்னிடம் ஒரு தாளும் இல்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. பிறகு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதற்குப் பிறகு டோர்ட்மண்டில் லோமன் என்பவரின் கராஜில் கார் கழுவினேன். ஒருநாள் அவர் நான் ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் தொழிற்பயிற்சிக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். முப்பத்தொரு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, மூன்றரை வருடத்தில் பரீட்சை எழுதினேன். அதன்பிறகு அந்தக் கராஜை விட்டு நான் போகவில்லை.

லோமன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் மைஸ்டர். இங்கே அது மரியாதைக்குச் சொல்லும் சொல்லல்ல, பட்டம். அந்தப் பட்டம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் கராஜிலிருந்து ஒரு வண்டி வெளியே போகும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைத்தாள் உண்டு. என்ன பழுது, எதை அளந்தோம், எதை மாற்றினோம் என்று எழுதி, வேலை செய்தவர் ஒரு கையெழுத்தும் மைஸ்டர் ஒரு கையெழுத்தும் வைக்கவேண்டும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அளவு எடுத்தவுடன் இலக்கத்தை அந்தந்தச் சில்லுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே வெண்கட்டியால் எழுதுவார். தாளில் எழுதினால் எண்ணெய் படும், மனதில் வைத்தால் மறந்துபோகும் என்பார். பின்னேரம் ஆகும்போது தரை முழுக்க இலக்கமாக இருக்கும். வேலை முடிந்ததும் அவரே வாளியும் துடைப்பமும் எடுத்து அழிப்பார். அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு காரின் பற்றரி சார்ஜ் ஆகவில்லை என்று, மின்சாரம் உண்டாக்கும் ஓல்டனேற்றரை நேரே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டினேன். அப்படியும் சார்ஜ் ஆகவில்லை. லோமன் வந்தார்.

"அளந்தனீங்களோ?"

"இல்லை."

அவர் குப்பைத் தொட்டியிலிருந்து பழையதை எடுத்துத் துடைத்து என் கையில் தந்தார். "இதைத் திரும்பப் பூட்டுங்கோ. பிறகு அளவுங்கோ." பூட்டி அளந்தேன். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் ஒரு செப்புப் பட்டி இற்றுப்போயிருந்தது. பழுது அவ்வளவுதான். அன்றிலிருந்து அளக்காமல் நான் எதையும் மாற்றியதில்லை. சில வருடங்களுக்குப் பிறகு அவர் என் வேலைத்தாள்களை வாசிப்பதை நிறுத்திவிட்டார். என் கையெழுத்தைக் கண்டதும் பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்துவிடுவார். ஒரு மைஸ்டர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு அது.

அவரிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார். நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், கடும் பச்சை நிறம். நாடு திரும்பிய ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் துருப்பிடித்த கோதாக அதை வாங்கி, ஒன்பது வருடம் சனிக்கிழமைகளில் தானே கட்டியெடுத்தார். ஸ்டார்ட் செய்தால் கராஜின் யன்னல் கண்ணாடிகள் அதிரும். அதில் ஒரு ஆணியைக்கூட எங்களைத் தொட விட்டதில்லை.

எட்டு வருடங்களுக்கு முன், ஒரு வசந்தகாலத்தில், அந்தக் காரின் சாவியை அவர் என் மேசையில் வைத்தார். "பிரேக் பாரமாயிருக்கு. ஒருக்கால் பாருங்கோ, ஹெர் தவராசா." எனக்குப் பெருமையாக இருந்தது. தானே ஏன் பார்க்கவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்துப் பெரிய கார்களில் பிரேக் பெடலுக்கு முன்னால் கறுப்பு நிறத்தில் வட்டமான ஓர் இரும்புக் குடுவை இருக்கும். பூஸ்டர் என்போம். உள்ளே ரப்பர் தகடு ஒன்று அதை இரண்டாகப் பிரிக்கும். எஞ்சின் ஒரு குழாய் வழியாகக் குடுவையின் காற்றை உறிஞ்சி எடுக்கும். நாம் பெடலை மிதிக்கும்போது தகட்டின் பின்பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து தள்ளும். அந்தத் தள்ளல்தான் நம் காலுக்குத் துணை. துணை இல்லாவிட்டால் பெடல் கல்லுப்போல் இருக்கும்.

சோதிக்கும் முறை எளியது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தரம் மிதித்து, குடுவையில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்க்கவேண்டும். பிறகு காலை எடுக்காமல் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யவேண்டும். பூஸ்டர் நல்லதென்றால் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கும். எஞ்சின் குளிராக இருந்தபோது இறங்கியது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். இறங்கவில்லை.

குழாயைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் வெட்டினேன். வெளியே புதிதுபோல் இருந்தது. உள்ளே ரப்பர் படை கழன்று தொங்கியது. எப்போதோ ஒருவர் வெற்றிடத்தைத் தாங்காத சாதாரணக் குழாயைப் பூட்டியிருக்கிறார். சூட்டில் இளகி, எஞ்சின் உறிஞ்சும்போது உட்படை ஒட்டி வழியை அடைத்திருக்கிறது. வெட்டிய குழாயை லோமனுக்குக் காட்டினேன். விரலால் அந்தப் படையைத் தூக்கிப் பார்த்து, "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போனேன்.

மூன்று கிழமையால் சாவி மறுபடி என் மேசையில் கிடந்தது. "இன்னும் பாரமாய்த்தான் இருக்கு."

வெற்றிடத்தை மானி வைத்து அளந்தேன். சரியாக இருந்தது. காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வை வாயால் ஊதிப் பார்த்தேன். சரி. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மிதித்தேன். இரண்டு மிதிக்குத் துணை இருந்தது, ஆகவே குடுவையில் கசிவில்லை. பிரேக் கட்டைகள் கொஞ்சம் கண்ணாடிபோல் மினுங்கின. அவற்றையும் மாற்றினேன். றோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கார் என் காலுக்குக் கீழே நாய்க்குட்டிபோல் பணிந்து நின்றது. மூன்றாம் நாள் லோமன் சொன்னார்: "மாற்றம் இல்லை."

கராஜின் பின்பக்கம் பிரேக் சோதிக்கும் உருளை மேடை இருந்தது. சில்லுகளை உருளைகளின் மேல் நிறுத்தினால் உருளைகள் அவற்றைச் சுற்றும். பிரேக்கை மிதிக்கும்போது சில்லு எவ்வளவு பலமாகப் பிடிக்கிறதென்று சுவரிலிருக்கும் முள் காட்டும். பெடலில் கட்டுவதற்கு ஒரு சிறு தட்டும் உண்டு. கால் எத்தனை கிலோ விசையோடு அழுத்துகிறது என்பதை அது கையில் பிடிக்கும் ஒரு பெட்டியில் காட்டும். குறை சொல்பவரே மிதித்தால்தான் குறை தெரியும் என்று நினைத்து லோமனைக் காரில் இருத்தினேன். வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"மிதியுங்கோ."

முள் அரைவாசிக்குக் கீழேயே நின்றது. பெட்டியில் பதினெட்டு.

"இன்னும் பலமாய்."

"இதுக்கு மேலை ஏலாது. பாத்தீங்களோ? கல்லு மாதிரி இருக்கு."

அவரை இறக்கிவிட்டு நான் ஏறி மிதித்தேன். ஐம்பத்திரண்டு. முள் துள்ளி உச்சிக்குப் போனது. சில்லுகள் உருளைகளையே பிடித்து நிறுத்தின. நான் இறங்கி நின்று காரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். வலது சப்பாத்தின் நுனி தேய்ந்து உள்தோல் தெரிந்தது. இடது சப்பாத்து நன்றாக இருந்தது. அந்த மாதத்தில் இரண்டு தரம் அவர் கராஜ் தரையில் கிடந்த காற்றுக் குழாயில் தடுக்குப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

"சீட் கொஞ்சம் தள்ளி இருக்குதோ தெரியேல்லை. ஒருக்கால் இடது காலாலை மிதியுங்கோ."

அவர் திரும்ப ஏறி இருந்து மிதித்தார். நாற்பத்தேழு.

அவர் முன்கண்ணாடியூடாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஏறியதையும் இடது காலுக்குச் சில்லு நின்றதையும் அவரும் உணர்ந்திருக்க வேண்டும். உணர்ந்தாரா, உணர விரும்பவில்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. "பெட்டியிலை என்ன காட்டுது?" என்று கேட்டார்.

"பூஸ்டர்தான் பலம் குறைஞ்சு போச்சுப் போலை. மாத்திவிடுறன்."

அளந்த இலக்கத்தை அவரிடம் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. நிலத்திலும் எழுதவில்லை.

அன்று சாப்பிடும்போது மனைவி பவானியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கேட்டவுடன் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். "ஒரு கால் மட்டும் எண்டால் அது நல்லதில்லையப்பா. டொக்டரிட்டைப் போகச் சொல்லுங்கோ."

"எப்பிடிச் சொல்லுறது? அவர் மைஸ்டர்."

"ஏன், மைஸ்டருக்குக் கால் இல்லையோ? நாளைக்கே சொல்லுங்கோ."

நாளைக்குச் சொல்வதாகச் சொன்னேன். அடுத்த நாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. மரியாதையால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. லோமனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போனால் கராஜ் மூடப்படும். அந்த வயதில் என்னை எவன் எடுப்பான்? இந்தக் கணக்கு அந்த உருளை மேடைக்குப் பக்கத்தில் நின்றபோதே என் தலைக்குள் ஓடிவிட்டது.

பிறகு நான் செய்ததுதான் மோசம். உள்ளே இரண்டு ரப்பர் தகடுகள் உள்ள பெரிய பூஸ்டரைத் தேடி எடுத்துப் பூட்டினேன். பெடலிலிருந்து போகும் தண்டை மேல் துளைக்கு மாற்றி, குறைந்த அழுத்தத்துக்கே பிரேக் பிடிக்கும்படி செய்தேன். வாகனப் பரிசோதகரைக் கூப்பிட்டு, மாற்றத்தை முறைப்படி காரின் பத்திரத்தில் பதிந்தேன். நன்றாக இருந்த பழைய பூஸ்டரைப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டேன். வேலைத்தாளில் "பூஸ்டர் பழுது, மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். லோமன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "இப்ப சரி" என்று சொல்லி, வாசிக்காமல் பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார்.

கோடை முழுவதும் அந்தக் காரை ஓட்டினார். நடை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. வலது பாதம் நிலத்தில் தட்டென்று விழும் சத்தம் மேசையில் இருக்கும் எனக்குக் கேட்கும். இடுப்பு நரம்பு பிடித்திருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பேக்கரிக்கு முன்னால் காரை நிறுத்தப் போயிருக்கிறார். பாதத்தின் முன்பகுதியைத் தூக்கும் பலம் போயிருந்தது. வேகம் கூட்டும் காஸ் பெடலிலிருந்து எடுத்த கால் பிரேக்கின் மேல் ஏறாமல், சப்பாத்து நுனி அதன் அடியில் மாட்டிக்கொண்டது. பெடலை எவ்வளவு இலேசாக்கினாலும் அதற்கு உதவாது. கார் நடைபாதையில் ஏறிச் சைக்கிள் நிறுத்தும் கம்பிகளை மடக்கிக்கொண்டு சுவரில் மோதி நின்றது. ஆட்களுக்குக் காயமில்லை. கம்பிகளுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பெண்ணின் சைக்கிள் நசிந்து கிடந்தது. அதன் பின்னால் பிள்ளை இருக்கும் இருக்கை பூட்டியிருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாண் வாங்க உள்ளே போய் ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை கார் எங்கள் கராஜுக்கு வந்தது. லோமன் ஒரே இரவில் கிழண்டிப்போயிருந்தார்.

"பிரேக் பிடிக்கேல்லை. பூஸ்டர் திரும்பவும் போயிருக்கும். காப்புறுதிக்காரர் வர முன்னம் எல்லாத்தையும் அளந்து வையுங்கோ."

அளந்தேன். இலக்கங்களை வெண்கட்டியால் நான்கு சில்லுகளுக்குப் பக்கத்திலும் எழுதினேன். அவர் காரைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"எல்லாம் சரியாயிருக்கு."

"ஓம்."

"அப்ப என்ன பிழை?"

என் கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. "காரிலை பிழையில்லை, ஹெர் லோமன். உங்கடை வலது காலிலை."

"எப்ப இருந்து தெரியும்?"

"மே மாதத்திலை இருந்து. உருளை மேடையிலை அளந்த அண்டைக்கு."

"எவ்வளவு காட்டினது?"

"வலது பதினெட்டு. இடது நாற்பத்தேழு."

பக்கத்தில் அடுக்கியிருந்த ரயர்களின் மேல் மெதுவாக இருந்தார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களைக் கஷ்டப்படுத்த விரும்பேல்லை."

"அந்தக் கதிரையிலை பிள்ளை இருந்திருந்தால், தாயிட்டைப் போய் என்ன சொல்லியிருப்பீங்கள்? ஹெர் லோமனைக் கஷ்டப்படுத்த விரும்பேல்லை எண்டோ?"

அப்போதும் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். அவர் எழுந்து அலுவலக அறைக்குப் போய் மே மாதத்து வேலைத்தாளை எடுத்து வந்தார். "பூஸ்டர் பழுது" என்ற வரியை ஒரே கோடாக வெட்டி, அதன் மேல் அந்த இரண்டு இலக்கங்களையும் எழுதினார். என்னிடம் பேனையை நீட்டினார். கையெழுத்து வைத்தேன். பிறகு அவரும் வைத்தார். காப்புறுதிக்காரரிடம், காரில் ஒரு குறையும் இல்லை, ஓட்டியவரில்தான் குறை என்று அவரே சொன்னார். சாரதி அனுமதிப் பத்திரத்தை அந்தக் கிழமையே தானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

நரம்பு வைத்தியர்கள் பல கிழமைகள் சோதித்தார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் வியாதி என்றார்கள். காலில் தொடங்கியிருக்கிறது, கைக்கு வரும், பிறகு தொண்டைக்கு வரும், மருந்து இல்லை என்றார்கள்.

அதன்பிறகும் ஏழு மாதம் அவர் கராஜுக்கு வந்தார், ஊன்றுகோலோடு. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் நான் முடித்த ஒவ்வொரு வண்டியையும் திரும்ப அளந்தார். நான் பிரேக் தகட்டின் தடிப்பை அளந்து இலக்கத்தை எழுதிவிட்டு எழும்புவேன். அவர் கோலைச் சுவரில் சாத்திவிட்டு, கஷ்டப்பட்டுக் குனிந்து, அதே இடத்தில் தன் மானியை வைப்பார். என் இலக்கம் பிழைத்ததில்லை. ஆனாலும் அடுத்த வண்டியையும் அளப்பார். மற்றவர்களுடையதை அவர் அப்படி அளக்கவில்லை. பிறகு ஒருநாள் மானி அவர் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். அதுதான் அவர் கடைசியாக வந்த நாள்.

கராஜை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. எங்கள் எல்லோரையும் அப்படியே வைத்துக்கொண்டது. நான் பயந்த எதுவும் எனக்கு நடக்கவில்லை. பச்சைக் காரைத் தெற்கிலிருந்து வந்த ஒருவர் டிரெயிலரில் ஏற்றிப்போனார்.

இரண்டு வருடத்துக்கு மேல் நான் அவரைப் பார்க்கவில்லை. பவானி போகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். கடைசியில் அவருடைய மனைவி இங்கிரிட் தொலைபேசி எடுத்தார். "இனிக் கனகாலம் இல்லை. வந்து ஒருக்கால் பாருங்கோ." ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து போனேன்.

யன்னலோரம் கட்டிலில் சாய்த்து இருத்தியிருந்தார்கள். கண்களைத் தவிர எதுவும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது. இங்கிரிட் எழுத்துகள் எழுதிய கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் பலகையை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பார். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பார். மறுபக்கத்திலிருந்து இங்கிரிட் அதை வாசிப்பார்.

இங்கிரிட் நல்ல மனிசி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களை வருத்தாதேங்கோ, ஹெர் தவராசா" என்றார். "அஞ்சு மாதம் முந்திப் போயிருந்தாலும் டொக்டர்மாராலை ஒண்டும் செய்திருக்க ஏலாது. அவையே சொன்னவை."

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன் போல. அப்போது லோமனின் கண்கள் பலகையைத் தேடின. இங்கிரிட் பிடித்தார். ஜேர்மன் மொழியில் ஆறு எழுத்து. இங்கிரிட் ஒவ்வொன்றாகச் சொல்லி, சொல்லைக் கூட்டிப் படித்தார்.

"கோடை" என்றார்.

நான் விளங்காமல் பார்த்தேன். இங்கிரிட் பலகையை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கோடைக்கு அந்தக் காரிலை நோர்வே போறதாய் இருந்தனாங்கள். ரெண்டு மாதம். கப்பலுக்கும் பதிஞ்சு வைச்சிருந்தம். கராஜிலை வேலை கூட எண்டு இவர்தான் அடுத்த வருசம் போவம் எண்டவர்." அவர் குரலில் என்மேல் கோபம் இருக்கவில்லை. "தெரிஞ்சிருந்தால் நான் காரை ஓடியிருப்பன். இவர் பக்கத்திலை இருந்திருப்பார். அப்ப நடக்கவும் கதைக்கவும் ஏலும்தானே."

வைத்தியத்துக்கு அந்த ஐந்து மாதம் பெறுமதி இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கு இருந்த கடைசி நல்ல மாதங்கள் அவை. நான் அவற்றை இரண்டு ரப்பர் தகடுகளால் மூடி வைத்திருந்தேன்.

புறப்படும்போது இங்கிரிட் வாசல்வரை வந்தார். "எனக்கு முதுகு ஏலாமல் இருக்கு. இவருக்குச் சவரம் செய்யக் குனிய முடியேல்லை. வியாழக்கிழமையளிலை வருவீங்களோ?"

"வாறன்."

போனேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் வைப்பேன். நுரையைப் பூசி, கன்னத்தை இழுத்துப் பிடித்து, மெதுவாக வழிப்பேன். கத்தி தொண்டைக்கு வரும்போது அவர் கண்களை மூடிக்கொள்வார். முடிந்ததும் திறந்து என்னைப் பார்ப்பார். இப்படிப் பதினொரு வியாழக்கிழமை. பன்னிரண்டாவது வியாழனுக்கு முதல் நாள் இங்கிரிட் அழைத்து, இரவு அவர் போய்விட்டார், இனி வரத் தேவையில்லை என்றார்.

என்னை மன்னித்தாரா என்று பவானி கேட்டாள். தெரியாது என்றேன். அந்தப் பலகை ஒவ்வொரு கிழமையும் கட்டில் தலைமாட்டில், என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை.